கணவர் பெயருக்கு மாறியவர்கள்

அருவருப்பு என்பது கரப்பான்பூச்சியையும் சாக்கடையையும் பார்த்தால் வருவது என்றுதான் இருபத்தாறு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். நானே என் கையால் எழுதிய ஒரு வரியைப் பார்த்தும் வயிற்றைப் புரட்டும் என்பது 1988 மே மாதம்தான் தெரிந்தது.

மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். கீழே புதுச் சேலைகளின் கஞ்சி வாசனை, படிக்கட்டு முழுக்க வெற்றிலை எச்சில், மேலே ஏசி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மனிதர்களுக்குக் கிடைக்காத மரியாதை அங்கே மெஷினுக்குக் கிடைத்தது. முதலாளி மருதை சார். புரோகிராம் எழுத நான் ஒருத்தி.

எங்களுக்குப் பெரிய பார்ட்டி ஒரு கல்விக் கழகம். அதன் பெயரைச் சொல்ல வாய் கூசுகிறது, விட்டுவிடுகிறேன். ஆபீஸ் ஸ்ரீரங்கத்தில். ஊரைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பள்ளிக்கூடங்கள். ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள் அங்கே பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் காலியாகிற இடங்களுக்கு, யார் முதலில் பதிந்தார்களோ அந்த வரிசைப்படி கடிதம் போகும். கடிதம் வந்தால் வேலை. ஜூன் ஒன்றாம் தேதிக்குள் முப்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் கடிதம் கிடையாது. எண்ணூற்றுச் சொச்சம் பேருடைய விவரங்களை 1985இல் நோட்டுப் புத்தகங்களிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றியதும் நான்தான், அதற்குப் புரோகிராம் எழுதியதும் நான்தான்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், செருப்பைக் கழற்றாமலே ஒரு பெண் உள்ளே வந்தாள். ஒல்லியான உடம்பு, தோளில் துணிப்பை, கையில் ஒரு தாள். கழகத்தின் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலில் ஒரு பக்கத்தை அப்படியே கிழித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“இது உங்க மெஷின்ல அடிச்சதுதானே?”

“ஆமா. உக்காருங்க.”

“உக்கார வரலை. இதைப் படிங்க. செல்வமேரி, க/பெ அற்புதசாமி, வரகனேரி. நான்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி பதிஞ்சது. கழகத்துக் கவுன்டர்ல போய்க் கேட்டா, தட்டிப் பாத்துட்டு, கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு ஆளே இல்லேங்கறாங்க. ரெண்டு வருஷமா இதே பல்லவி. அப்ப இந்தத் தாள்ல இருக்கறது யாரு?”

கழகத்துக் கவுன்டரிலும் எங்கள் புரோகிராம் ஓடுகிற ஒரு மெஷின் உண்டு. அங்கே இருப்பவர்கள் தப்பாகத் தட்டியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு அலட்சியம். நானே தட்டினேன். பெயர், கணவர் பெயர். நாட் ஃபவுண்ட். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து மறுபடியும் தட்டினேன். நாட் ஃபவுண்ட். பட்டியலை அடிக்கச் சொன்னேன். பிரின்டர் கிரீச்சிட்டு இரண்டு நிமிஷத்தில் அவள் பெயரை அடித்துக் கொடுத்தது. ஒரே மெஷின், ஒரே நாள். பட்டியல் போட்டால் இருக்கிறாள், தேடினால் இல்லை.

“ஆகஸ்ட் மாசம் எனக்கு முப்பத்தஞ்சு முடியுது” என்றாள் செல்வமேரி. “இந்த ஜூன் விட்டா அவ்வளவுதான். கீத்துக் கொட்டகையில நர்சரி நடத்தறாங்க, அங்க மூக்கு துடைச்சு விட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு வேலை குடுங்கன்னு உங்களைக் கேக்கலை. நான் இருக்கேனா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.”

“சனிக்கிழமை வாங்க. கண்டுபிடிச்சு வைக்கிறேன்.”

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். “நான் மட்டும்னு நினைக்காதீங்க. புருஷன் பேருக்கு மாத்தறதுக்கு க்யூவில என்கூட சந்திரம்மாள்னு ஒரு அக்கா நின்னாங்க. அவங்களையும் இதேமாதிரி இல்லேன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க இப்பல்லாம் வர்றதே இல்லை.”

புருஷன் பேருக்கு மாத்தறதுக்கு. அந்த வார்த்தைகள் காதில் விழுந்ததும் பழைய புரோகிராம் தாள்களை எடுத்து மேசையில் விரித்தேன்.

புரோகிராமில் விவரங்களை வைக்கும் இடத்துக்கு நான் அகராதி என்று பெயர் வைத்திருந்தேன். சொல்லைக் கொடுத்தால் பொருள் கிடைக்கிற மாதிரி, ஆளைச் சொன்னால் அவருடைய பிறந்த தேதி, பதிந்த தேதி, படிப்பு, முகவரி எல்லாம் ஒரே கட்டாக வரவேண்டும். உள்ளே தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு பெட்டிகள். எந்த ஆள் எந்தப் பெட்டியில் என்பதை ஒரு கணக்குச் சொல்லும். அந்தக் கணக்குக்கு வெறும் பெயர் போதாது. திருச்சியில் செல்வமேரிகளுக்கும் ராசாத்திகளுக்கும் பஞ்சமா என்ன? அதனால் பெயரோடு அப்பா பெயரையோ கணவர் பெயரையோ சேர்த்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகங்களிலும் த/பெ என்றோ க/பெ என்றோ போட்டு அப்படித்தான் இருந்தது. இரண்டு பெயரையும் கொடுத்தால் பெட்டி எண் வரும். அந்தப் பெட்டியைத் திறந்தால் ஆள் இருப்பார். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டதாக எனக்கு நானே ஷொட்டு வேறு கொடுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் புரோகிராமில் நடுநடுவே எண்களை அச்சடிக்கச் சொல்லி ஓட்டிப் பார்த்தேன். செல்வமேரியைக் கணவர் பெயரோடு கொடுத்தால் கணக்கு 87 என்றது. எண்பத்தேழாவது பெட்டி காலி. பழைய நோட்டைப் புரட்டி அப்பா பெயர் அடைக்கலம் என்று கண்டுபிடித்து அதைக் கொடுத்தேன். 412 என்றது. திறந்தால் உள்ளே செல்வமேரி இருந்தாள், அத்தனை விவரத்தோடும். ஆனால் அவள் விவரத்தில் அடைக்கலம் என்ற பெயர் இப்போது இல்லை, அற்புதசாமி என்று இருந்தது. கேட்ட ஆள் இவர் இல்லை என்று புரோகிராம் பெட்டியை மூடிவிட்டது. அப்பா பெயரில் தேடினாலும் இல்லை, புருஷன் பெயரில் தேடினாலும் இல்லை. பட்டியல் மட்டும் தேடாமல் எல்லாப் பெட்டிகளையும் வரிசையாகத் திறந்து இருப்பதை அடிக்கும், அதனால் அதில் இருந்தாள்.

1986 மார்ச்சில் கழகம் ஒரு சர்க்குலர் விட்டிருந்தது. கல்யாணமான பெண்கள் எல்லாரும் அத்தாட்சியோடு வந்து கணவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றுகிற புரோகிராமையும் நான்தான் எழுதினேன். பெட்டியைத் திற, அப்பா பெயரை அழி, கணவர் பெயரை எழுது, அதே பெட்டியில் வை, மூடு. எந்தப் பெயரை வைத்துப் பெட்டி எண் போட்டேனோ அதே பெயரை மாற்றுகிறேன், அப்படியானால் பெட்டியும் மாறவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. சோதித்துப் பார்க்க நான் எடுத்த இருபது பேரும் முதல் நோட்டில் இருந்த ஆண்கள். அவர்களுக்கு முகவரி மாறும், படிப்பு ஏறும். சாகிறவரைக்கும் த/பெ மாறாது.

இதுவாவது அறியாமை என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு கண்ணில் பட்டதுதான் அந்த வரி.

கடிதம் அடிக்கிற புரோகிராம், மூப்பு வரிசையிலிருந்து ஒவ்வொரு பெயராக எடுத்து, அகராதியில் தேடி, வயதையும் முகவரியையும் பார்த்துக் கடிதம் அடிக்கும். முதலில் எழுதியபோது, ஆள் கிடைக்காவிட்டால் நின்று கீச்சென்று கத்தும்படி வைத்திருந்தேன். 1986இல் கழகத்துச் செயலாளரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டிய அன்று ஐந்தாவது கடிதத்திலேயே நின்று கத்தியது. மருதை சாருக்கு முகம் செத்துவிட்டது. “பார்ட்டி முன்னாடி கத்தினா மானம் போகுது அக்னஸ். ஆள் இல்லேன்னா சத்தம் போடாம அடுத்த ஆளுக்குப் போகச் சொல்லு” என்றார். ஏன் இல்லை என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த ஆளுக்குப் போ. ஒரே வரி. இரண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன்.

அன்றைக்கு மெஷின் யாருக்காகக் கத்தியது என்று இப்போது வரிசையை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது பெயர், சந்திரம்மாள், க/பெ காத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் மருதை சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“மொத்தம் எத்தனை பேரு?”

“நாப்பத்து மூணு பேரு சார். எல்லாரும் பொம்பளைங்க. சர்க்குலரைப் பாத்துட்டு ஒழுங்கா வந்து பேரு மாத்தினவங்க.”

“மாத்தாம விட்டவங்க?”

“அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. லெட்டர் கிடைச்சிருக்கு.”

சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார், சட்னி ஒழுக. “வந்து கேட்டது ஒருத்திதானே? அந்த ஒருத்தியை மட்டும் சரியான பெட்டிக்கு மாத்திடும்மா. லெட்டர் போயிடும், அவ வாயும் மூடிடும். போன ரெண்டு வருஷ விஷயமெல்லாம் கிளறாதே. நம்ம பேரு நாறிடும்.”

“மத்தவங்க சார்?”

“அவங்கள்ல யாரு வந்து கேட்டாங்க?”

எனக்கு அந்த இட்லி வாசனையே குமட்டியது. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். செயலாளரிடம் நேராகச் சொன்னால் நியாயம் நடக்கும் என்று நம்புகிற அளவுக்கு அப்போது எனக்குப் புத்தி இருந்தது.

செயலாளர் அமிர்தசாமி பெரிய மனிதர், உடம்பிலும். மேசைக்கடியில் வெற்றிலை எச்சில் துப்ப ஒரு காலி பவுடர் டப்பா வைத்திருந்தார். மருதை சாரின் யோசனை உட்பட நான் சொன்னதையெல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். போன இரண்டு வருஷத்தில் நிரப்பிய இருபது இடங்களில் பதிமூன்று, பிந்திப் பதிந்தவர்களுக்குப் போயிருக்கிறது என்று சொன்னபோதும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

“யாருமே வந்து கேக்கலைன்னு மருதை சார் சொல்றாரு. அதான் இத்தனை நாள் தெரியாமப் போச்சு” என்றேன்.

“கேக்காமயா? நல்லாக் கேட்டாளுங்க” என்று அவர் கீழ் இழுப்பறையைக் காலால் இழுத்தார். சணல் கயிற்றால் கட்டிய மனுக்கள், ஒரு சாண் உயரத்துக்கு. மேலே இருந்ததில் டீ கிளாஸ் வைத்த வட்டம், ஓரத்தை எலி கடித்திருந்தது. ஒவ்வொரு மனுவின் தலையிலும் சிவப்பு மையில் ஒரே குறிப்பு, ‘கம்ப்யூட்டரில் இல்லை’. எழுதியது கவுன்டர் கிளார்க். சொன்னது என் புரோகிராம். ஐயா, பணிவான வணக்கம் என்று தொடங்கி, இரண்டு பிள்ளைகளோடு கஷ்டப்படுகிறேன் என்று எழுதியிருந்த ஒருத்தியின் நெற்றியில் நானே அதை எழுதிய மாதிரி இருந்தது.

“எனக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்.”

“நல்லாருக்கே. கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதுன்னு விக்கும்போது சொன்னது யாரு? நீங்கதானே?”

அவர் டப்பாவை எடுத்துத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இதப் பாரும்மா. இவங்கல்லாம் கல்யாணம் ஆனவங்க. புருஷன்காரன் சோறு போடறான். இப்பப் போய்க் கிளறினா கோர்ட்டு, கேசுன்னு ஊரே நாறும்.”

“இப்பவும் நாறிக்கிட்டுத்தான் சார் இருக்கு.”

“மருதை சொன்ன மாதிரி அந்த ஒருத்திக்குப் பண்ணிக் குடு. செவ்வாக்கிழமைக்குள்ள ஏழு லெட்டர் தபால்ல போகணும்.”

பஸ்ஸில் வரும்போது காவேரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, பாலம் நெடுக வெறும் மணல். ஜன்னல் கம்பியில் யாரோ வாந்தி எடுத்த காய்ந்த கறை. வேறு சீட்டுக்கு மாறக்கூட எனக்குத் தோன்றவில்லை. இதற்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியான ஆள்தான் நான் என்று இருந்தது.

சென்டருக்குத் திரும்பி வரிசையைத் துப்புரவாக எண்ணிப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொரு விஷயம் புரிந்தது. மருதை சார் சொன்னபடி செல்வமேரியை மட்டும் சரிசெய்தால், இந்த வருஷத்து ஏழு இடங்களில் அவளுக்குத்தான் முதல் கடிதம். நாற்பத்து மூன்று பேரையும் சரிசெய்தால், தொலைந்தவர்களில் பதினோரு பேர் அவளுக்கு முந்திப் பதிந்தவர்கள். அவள் பன்னிரண்டாவது. இடம் ஏழுதான். ஆகஸ்டோடு அவளுக்கு வயது முடிகிறது. ஒழுங்காக நடந்திருந்தால் போன வருஷமே அவளுக்கு வேலை கிடைத்திருக்கும். அதைக் கெடுத்தது நான். இப்போது நான் ஒழுங்காக நடந்துகொண்டால் மறுபடியும் அவளுக்குத்தான் கெடும்.

சனிக்கிழமை செல்வமேரி வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள். பெட்டி, கணக்கு, பெயர் மாற்றம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினோரு பேரையும் சொன்னேன்.

“சரி. இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?”

“உங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“அதுக்கு இல்லை. நீங்க முடிவு பண்ணப் பயப்படறீங்க. எல்லாரையும் சேருங்கன்னு நான் சொல்லிட்டா நீங்க நிம்மதியாத் தூங்கலாம். எனக்கு மட்டும் குடுங்கன்னு சொல்லிட்டா, சீ, இவளும் இவ்வளவுதானான்னு என்னைக் காறித் துப்பலாம். ரெண்டுலயும் உங்க கை சுத்தம்.”

அவள் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. முந்தின நாள் முழுக்க மருதை சாரையும் அமிர்தசாமியையும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், முடிவை இவள் தலையில் கட்டத்தான் இவளுக்காகக் காத்திருந்தேன்.

“அந்தப் பதினோரு பேரு யாரு? காட்டுங்க.”

காட்டினேன். முதல் பெயரிலேயே அவள் விரல் நின்றது.

“சந்திரம்மாள் அக்கா.” என்றாள். “அன்னிக்கு நான் உள்ள போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வர்ற வரைக்கும் என் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வெயில்ல நின்னாங்க. தன்னோட முறையை விட்டுட்டு என்னை முதல்ல போகச் சொன்னாங்க.” தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள். “இதை நீங்க காட்டாமலே இருந்திருக்கலாம்.”

“என்ன பண்ணட்டும்?”

“ஆகஸ்ட் பதினாலு என் பிறந்தநாள். அதை மட்டும் மறந்துடாதீங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே போய் சென்டரைத் திறந்தேன். மருதை சார் வர ஒன்பதரை ஆகும். நாற்பத்து மூன்று பேரையும் பெட்டிகளிலிருந்து வெளியே எடுத்தேன். இனிமேல் யாருக்கும் பெட்டி எண் போட அப்பா பெயரும் வேண்டாம், புருஷன் பெயரும் வேண்டாம். பதிந்த நாளில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் ஆனாலும் மாறாது, வீடு மாறினாலும் மாறாது. அது முதல் நாளிலிருந்தே ஒவ்வொருவர் விவரத்திலும் கடைசிக் கட்டத்தில் இருந்தது. நான்தான் அதைச் சீண்டவில்லை. அந்த எண்ணை வைத்து எண்ணூறு பேரையும் புதிதாக அடுக்கினேன். ‘அடுத்த ஆளுக்குப் போ’ என்ற வரியையும் அழித்தேன். யாருக்கு என்ன காரணத்தால் கடிதம் இல்லை என்றாலும் நின்று கத்தவேண்டும், காரணத்தை அடிக்கவேண்டும் என்று மாற்றினேன். செல்வமேரிக்கு இல்லை என்று ஆகிவிட்டது, ஆகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

முதல் பெயருக்கே கத்தியது. சந்திரம்மாள். ஆளைக் கண்டுபிடித்துவிட்டது, பிறந்த தேதியைப் பார்த்தது, அடித்தது: வயது கடந்தது. ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி முப்பத்தைந்து முடிந்திருக்கிறது. ஜூன் ஒன்றுக்கு நாற்பத்தொரு நாள். இரண்டாவது பெயருக்கும் கத்தியது. மூன்றாவதுக்குக் கடிதம் அடித்தது. நான்காவதுக்குக் கத்தியது.

பதினோரு பேரில் ஆறு பேருக்குக் கத்தியது. எல்லாருக்கும் ஒரே காரணம். முந்திப் பதிந்தவர்கள் என்றால் வயதிலும் மூத்தவர்களாகத்தானே இருப்பார்கள்? இது ஏன் எனக்கு மூன்று நாளாகத் தோன்றவில்லை? நான் வரிசையைத்தான் எண்ணினேன், பிறந்த தேதிகளைப் பார்க்கவில்லை. அந்த ஆறு பேருக்கும் 1986இல் வயது இருந்தது. 1987இல் கூட நான்கு பேருக்கு இருந்தது. மீதி ஐந்து பேருக்குக் கடிதம் வந்தது. ஆறாவது கடிதத்தில் பிரின்டர் செல்வமேரி என்று அடித்தது.

சத்தம் கேட்டுக்கொண்டே படியேறி வந்த மருதை சாருக்கு, நான் அவர் பேச்சை மீறிவிட்டேன் என்பது தாள்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தவர், வயது கடந்தவர்கள் பட்டியலைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். ஒரு தடவை எண்ணினார்.

“ஆறு பேருக்கு வயசு போயிடுச்சா? அப்பக் கேஸ் போட ஆள் இல்லை. உன்னைத் தேடி வந்த பொண்ணுக்கும் லெட்டர் இருக்கு.” முகம் மலர்ந்தது. “நல்லதாப் போச்சு போ.”

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். அதில் வீரம் ஒன்றுமில்லை. அந்த அறைக்குள் போனாலே எனக்கு ஓங்கரித்தது.

அதற்கு முன்பே ஒரு நாள் செல்வமேரி கடிதத்தோடு வந்தாள். தலைக்குக் குளித்திருந்தாள், பூ வைத்திருந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கவும் பார்த்தாள்.

“சந்திரம்மாள் அக்காவுக்கும் வந்திருக்கும்ல?”

சொன்னேன். நாற்பத்தொரு நாள் என்பதையும் சொன்னேன். அவள் கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். திருப்பிக் கொடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அவளும் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அது சந்திரம்மாளுக்குப் போகாது.

“அவங்ககிட்ட யாராவது சொல்லணும்” என்றாள். “நான் போகமாட்டேன். என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்? நீங்க போங்க. ஆறு பேருகிட்டயும் நீங்கதான் போகணும்.”

போனேன். சந்திரம்மாளைக் காந்தி மார்க்கெட்டில் கண்டுபிடித்தேன். காத்தானுக்கு அங்கே வாழையிலைக் கடை. காலடியில் அழுகின தக்காளியும் முட்டைக்கோஸ் மட்டையும் சேறாக மிதிபட, நடுவில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து அவள் இலைகளைத் துடைத்து ஐந்தைந்தாக அடுக்கிக்கொண்டிருந்தாள். விரல்களெல்லாம் வாழைக்கறை ஏறிக் கறுத்திருந்தன. ஆசிரியர் பயிற்சியில் மாவட்டத்திலேயே இரண்டாவதாக வந்தவள் என்பது அவள் விவரக் கட்டில் இருந்தது.

நான் யாரென்று சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரத் தைரியம் வரவில்லை.

“கம்ப்யூட்டர்லதான் நான் இல்லையேம்மா” என்றாள் சாதாரணமாக.

“இருந்தீங்க. ஆரம்பத்துலேர்ந்து வச்ச இடத்துலயேதான் இருந்தீங்க. நான்தான் வேற இடத்துல தேடற மாதிரி எழுதிட்டேன்.”

அவள் கை நின்றது. “பேரு மாத்தாம இருந்திருந்தா?”

“எம்பத்தாறு ஜூன்லேயே லெட்டர் வந்திருக்கும். நீங்க அஞ்சாவது.”

அவள் திரும்பி, அந்தப் பக்கம் கட்டு இறக்கிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. உங்க அப்பா பேர்ல படிச்சே, அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும் புள்ளேன்னாரு. நான்தான், சட்டம்னு ஒட்டியிருக்காங்களே, மாத்தலேன்னா பின்னாடி தப்பாப் போயிடும்னு அவரை இழுத்துக்கிட்டுப் போனேன். க்யூவில இருந்த பொண்ணுங்களுக்கெல்லாம் ஃபாரம் எழுதிக் குடுத்ததும் நான்தான்.”

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அந்தச் சுமையையும் அவளுக்கு எதற்குக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன்.

அவள் ஒரு இலையை எடுத்துத் துடைத்தாள். கிழிந்திருந்தது, தூக்கிப் போட்டாள். “இன்னும் எத்தனை பேருகிட்ட இப்படிச் சொல்லணும்?”

“அஞ்சு பேரு.”

“சொல்லாதீங்கம்மா. இல்லேன்னு சொன்னாங்க, ஒருவழியாத் தாங்கிக்கிட்டோம். இருந்தீங்கன்னு இப்ப வந்து சொன்னா எப்படித் தாங்கறது? வீட்டுக்குப் போங்க.”

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், நான் வீட்டுக்குப் போகலாம். அந்த ஆறுதல் இருக்கிறதே, சர்க்குலர், பவுடர் டப்பா, சட்னி ஒழுகிய சிரிப்பு எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குக் குமட்டியது. பையிலிருந்து தாளை எடுத்து அடுத்த பெயரைப் பார்த்தேன். ராசாத்தி, உறையூர். சேற்றில் கால் வைத்துப் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.